பானெட்டில் ஒரு மேடு

ஏர் கிளீனரைக் கார்புரேட்டர்மேல் உட்கார வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வட்டமான தகரப் பெட்டி. உள்ளே காற்றை வடிகட்டும் காகித வளையம், நடுவில் செங்குத்தாக ஒரு திருகுக் கம்பி, மேலே மூடி, மூடியை இறுக்க இரண்டு காது வைத்த நட்டு. ஸ்பேனர்கூட வேண்டாம், விரலாலேயே திருகிவிடலாம். ஆனாலும் ராய்ஸ் அதைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிறவன் மாதிரி இறக்கினான். அவனுக்குப் பெட்டியைப் பற்றிப் பயமில்லை. அதற்கு மேலே வந்து மூடப்போகிற பானெட்டைப் பற்றித்தான் பயம்.

"மெதுவாடா. அது என்ன குப்பைத் தொட்டி மூடியா?" என்றார் டெல்பர்ட். கையில் விளக்கோடு மட்கார்டு ஓரம் நின்றிருந்தார்.

"விளக்கை என் மூஞ்சியில அடிக்காம வேலையில காட்டுய்யா. கல்யாண போட்டோவா எடுக்கிறோம்?"

"உன் மூஞ்சிக்கா? ஒரு தடவை எடுத்ததுக்கே அவ ஓடிப்போயிட்டா."

ராய்ஸ் சிரித்தான். அவனுடைய விவாகரத்து அந்த ஷெட்டில் எப்போதோ நகைச்சுவையாகிவிட்டது. இருவரும் சாகினா நகரில் ஒரே கியர் தொழிற்சாலையில், ஒரே வரிசையில், தலை நரைக்கும்வரை இரவு வேலை பார்த்தவர்கள். டெல்பர்ட் மூத்தவர், எழுபது. ராய்ஸ் அறுபதைத் தாண்டியவன், தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு டெல்பர்ட் வீட்டில்தான்.

கார் அறுபத்தொன்பதாம் வருடத்து மாடல். பட்டாளத்திலிருந்து திரும்பிய டெல்பர்ட் சேர்த்து வைத்த சம்பளத்தையெல்லாம் கொட்டி வாங்கியது. நேர்ரோட்டில் பறப்பதற்கென்றே கட்டின வண்டி. வளைவில் திரும்பச் சொன்னால் முறைக்கும். அடர்பச்சை. கார் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் இன்றுவரை அப்படியே இருந்தது. பழைய கார் வைத்திருக்கிற ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு: பெயிண்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், முதல் பெயிண்ட் ஒரே தடவைதான். ஜூன் மாதக் கண்காட்சியில் மறுபெயிண்ட் காணாத கார்களுக்கென்று தனி வரிசை உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் நடக்கிற மாதிரி நடப்பார்கள் அந்த வரிசையில். டெல்பர்ட்டுக்கு இந்த வருடம் அங்கே நிற்க வேண்டும்.

குறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இளவயதில் ஊரிலுள்ள எல்லாப் பையன்களும் செய்த மடத்தனத்தை அவரும் செய்திருந்தார். தொழிற்சாலை கொடுத்த கறுப்பு ஏர் கிளீனரைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று ஒன்றை மாட்டிக்கொண்டார். எறிந்ததற்கு ஈடாக இன்னொன்றைத் தேடித் தேடி, கடைசியில் இந்தியானாவில் ஒரு பழைய சாமான் சந்தையில் ராய்ஸ்தான் கண்டுபிடித்தான். காற்றை இழுக்க இரண்டு மூக்கு வைத்தது, அசல்.

மூடியை வைத்து நட்டை இறுக்கினான். டெல்பர்ட்டின் மனைவி மர்லீன் சமையலறையிலிருந்து கொடுத்தனுப்பிய அலுமினியத் தாளைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி மூடியின் மேலும், கம்பியின் நுனியிலும் வைத்தார்கள். பானெட்டை இருவருமாகப் பிடித்து மெல்ல இறக்கி, மறுபடி தூக்கினார்கள். நுனியிலிருந்த உருண்டை நசுங்கி அரை விரற்கடை உயரத்தில் நின்றது.

"அரை விரல் இடம் இருக்கு. நுனியைக் கொஞ்சம் அறுத்துடவா?"

"இப்ப வேணாம். புது மவுண்டிங் ரப்பர் வரட்டும். என்ஜின் எந்த உயரத்துல உக்காருதுன்னு பாத்துட்டு அறுக்கலாம்."

டெல்பர்ட் குனிந்து, என்ஜினை இடப்பக்கம் தாங்குகிற ரப்பருக்கடியில் நெம்பு கம்பியைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "கிழியல. ஆனா கல்லாப் போயிடுச்சு. என் முட்டி மாதிரி. புதுசு வர்றவரைக்கும் இவளைப் பூனை நடைதான் நடத்தணும். காலை அழுத்தினா என்ஜின் ஒரு பக்கமா எழும்பும். அரை விரல் என்ன, ரெண்டு விரல்கூடப் பத்தாது."

"தெரியும்யா. நேத்திக்கா பொறந்தேன்?"

"தெரிஞ்சவனுக்குத்தான் சொல்லணும். தெரியாதவன் பயந்துக்கிட்டு ஓட்டுவான்."

பெட்ரோல் போட்டுவர வேண்டியிருந்தது. டெல்பர்ட் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ராய்ஸிடம் நீட்டினார். அவர் இப்போது ஓட்டுவதில்லை. குளிர்காலத்தில் மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவரை, பக்கத்து ஊர் மளிகைக் கடை வாசலில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க உட்கார்ந்திருந்த நிலையில் மர்லீன் கண்டுபிடித்தாள். அதற்கு முன் ஒருநாள் கெட்டிலைத் தண்ணீர் இல்லாமலே அடுப்பில் வைத்துக் கருக்கியிருந்தார். வயதாக இருக்கலாம், வேறு ஏதாவதின் ஆரம்பமாகவும் இருக்கலாம், இலையுதிர் காலத்தில் வாருங்கள், பார்ப்போம் என்றார் டாக்டர்.

சாவியைக் கொடுத்த கையை டெல்பர்ட் உடனே எடுக்கவில்லை.

"டேய். ஒண்ணு கேக்கிறேன். நான் தடுமாறினா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. மர்லீன் சொல்ல மாட்டா. பாசம்னு நெனச்சுக்கிட்டு மறைப்பா. நீ மறைக்க மாட்டே. உனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது."

"சொல்றேன்."

"அதான்."

ராய்ஸ் போகும்போது பூனை நடையாகத்தான் போனான். திரும்புகையிலும் அப்படித்தான் வந்திருப்பான். ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் பீட் கிழங்கு வயல்கள் நீண்டு கிடக்கிற ரோட்டில் ஒரு சிக்னல். சிவப்பு. பக்கத்தில் ஒரு புத்தம் புதிய பிக்கப் வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்தவன் பச்சைக் காரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து என்ஜினை ஒருமுறை உறும விட்டான்.

"தாத்தா வண்டியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான். "தள்ளிவிட ஆள் வேணுமா?"

இதற்கெல்லாம் பதில் சொல்கிற வயதை ராய்ஸ் தாண்டியிருந்தான். தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அவன் ஆயுசில் எதிலும் முதலாக வந்தவனில்லை. ஓவர்டைமில் வந்தான், விடுப்புச் சம்பளத்தில் வந்தான், விவாகரத்து வக்கீல் ஆபீஸில் வந்தான், எல்லா இடத்திலும் இரண்டாவதாக. காலுக்கடியில் இவ்வளவு பெரிய என்ஜின் இருந்து, பக்கத்தில் இப்படி ஒருவன் சிரித்தது அதுவே முதல் தடவை. விளக்கு பச்சையானதும் கால் தானாக இறங்கியது. மூன்று மூச்சு இருக்கும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயல்கள் பச்சைக் கோடாயின. பிக்கப் கண்ணாடியில் சிறுத்துப் போனது.

அந்த இரைச்சலுக்குள் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கும் என்று நினைத்தான். நினைத்தான் என்பது சரியில்லை. நினைக்க விரும்பினான்.

வயல் ஓரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தான். பானெட்டின் நடுவில் ஒரு மேடு, ஆள்காட்டி விரல் நுனி அளவுக்கு. உள்ளிருந்து யாரோ விரலால் குத்தினாற்போல. மேட்டின் உச்சியில் பெயிண்ட் நட்சத்திரம் மாதிரி வெடித்து, சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், ஏதோ பறவை எச்சம்போல் போய்விடும் என்று. பிறகு பானெட்டைத் திறந்தான். திருகுக் கம்பியின் நுனியில் பச்சைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தான். கை செய்தது.

சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டான். ஷெட்டில் வண்டியை மூலையில், நிழல் விழுகிற பக்கமாக நிறுத்தினான். இதையும் கைதான் செய்தது.

"எப்படி ஓடினா?" என்று கேட்டார் டெல்பர்ட்.

"பூனை மாதிரி."

மர்லீன் அன்று இறைச்சி ரொட்டி சுட்டிருந்தாள். ராய்ஸ் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். வாய் நிறைய இருக்கும்போது பேச முடியாது அல்லவா. சாப்பிட்டு முடித்ததும் டெல்பர்ட் கண்காட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யார் யார் வருவார்கள், அந்த ஓஹையோ ஆசாமியின் நீலக் கார் எப்படி மூஞ்சி தொங்கி நிற்கும் என்று. அவர் இவ்வளவு பேசிப் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. நாளைக்குச் சொல்வோம் என்று ராய்ஸ் எழுந்து போனான்.

மறுநாள் காலை போன் வந்தது.

"வாடா" என்றார் டெல்பர்ட். அவ்வளவுதான்.

போகிற வழியில் ராய்ஸ் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டான். 'டெல், நான் காலை அழுத்திட்டேன்.' அதில் சிரமமான வார்த்தை ஒன்றுமில்லை.

ஷெட் கதவு திறந்திருந்தது. டெல்பர்ட் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்ன சாக்கெட், ஸ்பேனர் முனையில் மாட்டுகிற துண்டு. அதை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான்டா பண்ணினேன்" என்றார்.

ராய்ஸுக்குப் புரியவில்லை.

"நேத்து சாயங்காலம் நீ போனப்புறம் தொறந்து பாத்தேன். பேட்டரி கிளாம்பை இறுக்கினேன். அப்புறம் மூடிட்டு உள்ள போயிட்டேன். காலையில வந்து பாத்தா இது." பானெட்டைக் காட்டினார். "இந்தச் சாக்கெட் பேட்டரி ஓரமா விழுந்து கிடக்குது. ஏர் கிளீனர் மூடி மேல வெச்சிருக்கேன். எடுக்காமலே பானெட்டை இறக்கிட்டேன். அம்பது வருஷம் ஒரு கீறல் படாம வெச்சிருந்தேன். கடைசியில என் கையாலேயே."

இப்போது சொல்லலாம். வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ராய்ஸ் வாயைத் திறந்தான். அந்த நொடியில், வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி, வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டதுபோல, அவன்மேல் பரவியது. சொல்ல வேண்டாம். யாரும் கேட்கப்போவதில்லை.

"சின்னதுதானேய்யா" என்றான்.

டெல்பர்ட் நிமிர்ந்து பார்த்தார். "பெருசா சின்னதாங்கிறதை விடு. எனக்கு ஞாபகமே இல்லைடா. அதைச் சொல்லு."

ராய்ஸ் ஒரு துணியை எடுத்து, அழுக்கில்லாத கையைத் துடைத்துக்கொண்டான்.

கண்காட்சிக்கு வரவில்லை என்று டெல்பர்ட் அன்றே போன் செய்து சொல்லிவிட்டார். அதோடு முடிந்திருந்தால் ராய்ஸ் தாங்கியிருப்பான். குற்றத்தை அவன் பல வருடம் சுமந்து பழகியவன். மனைவி விஷயத்தில் சுமந்தான், அப்பா செத்தபோது போகாததைச் சுமந்தான். வயிற்றுப் புண் மாதிரி, அதோடு சாப்பிடலாம், தூங்கலாம். ஆனால் இது ஒரே இடத்தில் நிற்கவில்லை. வளர்ந்தது, டெல்பர்ட்டுக்குள்.

மளிகைக் கடையில் மர்லீனைப் பார்த்தான். தள்ளுவண்டியில் ரொட்டியும் பாலும் மட்டும் இருந்தன.

"ராய்ஸ், நீ ஏன் ஞாயித்துக்கிழமை வரல?"

"கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"அவருக்கும்தான்." அவள் கைப்பையை மூடி மூடித் திறந்தாள். "நேத்து அடுப்பைத் திருகுற குமிழையெல்லாம் கழட்டிக் கொண்டுவந்து என் கையில குடுத்தார். எங்கயாவது ஒளிச்சு வை, எனக்கு எங்கேன்னு சொல்லாதேன்னார். டாக்டருக்கு அவரே போன் பண்ணி, இலையுதிர் காலம்வரைக்கும் தாங்காது, இப்பவே பாருங்கன்னு சொல்லிட்டார். பானெட் கதையை முழுசாச் சொன்னார். கதவைப் பூட்டிட்டு வந்து படுப்பார். எழுந்து போய்ப் பூட்டினேனான்னு பாப்பார். வந்து படுப்பார். திரும்பப் போவார்."

"வயசானா எல்லாருக்கும்..."

"அதெல்லாம் எங்கிட்டச் சொல்லாதே. குளிர்காலத்துல நடந்ததை அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், தெரியுமா? கெட்டில் கருகினதைக்கூட. ஆனா இது அந்தக் கார். அதுல தப்பு பண்ணமாட்டோம்னு நெனச்சுக்கிட்டிருந்தார். அந்த ஒரு இடத்துல இன்னும் தான் தானாவே இருக்கோம்னு."

ராய்ஸ் கையிலிருந்த காபித்தூள் டப்பாவைத் தவறான அலமாரியில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அந்த வார முடிவில் டெல்பர்ட் கூப்பிட்டார். போனபோது டூல் பெட்டி ஷெட் வாசலில் நின்றது. சக்கரம் வைத்த, நெஞ்சு உயரச் சிவப்புப் பெட்டி. ஒவ்வொரு அறையிலும் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகப் படுத்திருக்கும். அதைத் தொட மர்லீனுக்குக்கூட உரிமையில்லை.

"ஏத்திக்கிட்டுப் போ" என்றார்.

"என்னய்யா இது?"

"எங்கிட்ட இருந்தா எதையாவது எங்கயாவது வெச்சுட்டு மறந்துடுவேன். உன் கையில இருந்தா உசுரோட இருக்கும். கேள்வி கேக்காதே, தூக்கு."

"டெல், கொஞ்ச நாள் பாக்கலாம்..."

"நீ ஏன்டா அன்னைக்கு எதுவும் சொல்லல?" டெல்பர்ட் அவனையே பார்த்தார். "தடுமாறினா மூஞ்சிக்கு நேரா சொல்லுன்னு கேட்டேனே. பானெட்டைப் பாத்ததும் 'ஆமாய்யா, உனக்குப் புத்தி தடுமாறிடுச்சு'ன்னு சொல்லுவேன்னு பாத்தேன். சின்னதுதானேன்னே. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். உனக்கே சொல்ல மனசு வரலைன்னா நான் நெனச்சதைவிட மோசமா இருக்கேன்னு அர்த்தம்."

பெட்டியை ராய்ஸ் தன் பிக்கப்பில் ஏற்றினான். பலகை சரித்து, இருவருமாகத் தள்ளினார்கள். ஒரு கயிறை இழுத்து அவர் போட்ட முடிச்சு, தொழிற்சாலையில் போட்ட அதே முடிச்சு.

வீட்டுக்குப் போய் ராய்ஸ் பெட்டியை இறக்கவில்லை. பிக்கப்பிலேயே விட்டான். அன்று முழுக்க ஜன்னல் வழியாக அது தெரிந்தது. படம் போட்டுப் பார்த்தான், பீர் குடித்துப் பார்த்தான். தான் ஒன்றும் கொலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டான். ஒரு மனிதனிடமிருந்து அவனுடைய புத்தியைத் திருடி வைத்திருக்கிறோம், அதற்குக் கூலியாக அவனுடைய சாமானையும் வாங்கி வந்திருக்கிறோம் என்று அதற்குள்ளிருந்தே ஒரு குரல் திருத்தியது.

காலையில் மறுபடி கிளம்பினான். டெல்பர்ட் ஷெட் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பெட்டி திரும்பி வந்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நீ பண்ணல" என்றான் ராய்ஸ், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே. "நான் பண்ணினேன். பெட்ரோல் போடப் போனப்ப காலை அழுத்திட்டேன். என்ஜின் எழும்பி, கம்பி பானெட்டுல முட்டிடுச்சு. வழியிலேயே பாத்துட்டேன். சொல்லல."

டெல்பர்ட் சிரித்தார். அந்தச் சிரிப்பை ராய்ஸ் எதிர்பார்க்கவில்லை.

"மர்லீன் அனுப்பினாளா?"

"யாரும் அனுப்பல."

"நல்லாத்தான்டா யோசிச்சிருக்கீங்க ரெண்டு பேரும். உக்காரு. காபி குடி."

"டெல், நான் சொல்றது நெசம்."

"நான் மூடினது எனக்கு ஞாபகம் வந்துடுச்சுடா. மொதல்ல வரல, இப்ப நல்லா வருது. பானெட்டை இறக்கறேன், கைக்கு அடியில நங்குன்னு முட்டுது. இங்க." உள்ளங்கையைத் தொட்டுக் காட்டினார். "அன்னைக்கு வெயில் எந்தப் பக்கம் அடிச்சதுன்னுகூடச் சொல்வேன்."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைய்யா!"

"கத்தாதே. உங்கிட்ட ஒரே ஒரு உதவி கேட்டேன். உண்மையைச் சொல்லுன்னு. நீயும் அவளை மாதிரி பாசக்காரனா ஆயிட்டியா?"

ராய்ஸ் தன் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். எல்லாவற்றையும் ஆட்கள் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறான், அது மட்டும் எடுபடவில்லை. நடக்காத ஒன்றை, வெயில் முதற்கொண்டு, கை நங்கென்றது முதற்கொண்டு, அந்த மனிதர் தன் தலைக்குள் கட்டி முடித்திருந்தார். செங்கல் எடுத்துக் கொடுத்தது ராய்ஸின் மௌனம்.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

"என்ன பண்றே?"

"பானெட்டைத் தூக்கி நிறுத்து. பக்கவாட்டுல நில்லு, முன்னாடி நிக்காதே. மவுண்டிங்கைப் பாரு. என்னைப் பாக்காதே."

"டேய், கல்லாப் போன ரப்பர்..."

"பாருய்யா!"

சத்தம் கேட்டு மர்லீன் பின்வாசலில் வந்து நின்றாள். ராய்ஸ் சீட்டில் ஏறி என்ஜினை உசுப்பினான். இடக்காலால் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கியரைப் போட்டான். வலக்காலை மெல்ல, பிறகு அழுத்தமாக இறக்கினான். கார் கட்டிப்போட்ட மாடு மாதிரி அந்த இடத்திலேயே திமிறியது. திறந்து நின்ற பானெட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக, கறுப்பு ஏர் கிளீனர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே எழுவது அவனுக்கே தெரிந்தது. காலை எடுத்தான். என்ஜின் தடாலென்று தன் இடத்தில் விழுந்தது.

அணைத்தான். இறங்கவில்லை. இறங்கப் பயமாக இருந்தது.

டெல்பர்ட் குனிந்திருந்தார். கை உள்ளே போய், ரப்பரைத் தடவி, வெளியே வந்தது. விரலைப் பார்த்தார்.

"ரெண்டாக் கிழிஞ்சிருக்கு" என்றார். "உள்பக்கம் புதுக் கறுப்பு. லேசாத்தான் தூசி. பழைய கிழிசல் இல்ல, இன்னைக்குக் கிழிஞ்சதும் இல்ல. நீ பெட்டியை மாட்டின அன்னைக்கு நானே கம்பி குடுத்துப் பாத்தேன். கிழியல." நிமிர்ந்தார். "பாத்தேன் இல்ல?"

"பாத்தே. கிழியலன்னு சொன்னே. உன் முட்டி மாதிரி கல்லாப் போச்சுன்னே."

"சொன்னேன்." அவர் அதை மெதுவாக, நாணயத்தைக் கடித்துப் பார்ப்பவர்போல் சொன்னார். "சொன்னேன்."

ராய்ஸ் இறங்கினான்.

"எந்த ரோட்டுல?"

"பீட் வயல் ரோடு. சிக்னல்ல."

"பக்கத்துல எவன்?"

"புது பிக்கப். தாத்தா வண்டின்னான்."

"ஜெயிச்சியா?"

ராய்ஸ் தரையைப் பார்த்தான். "ஜெயிச்சேன்."

டெல்பர்ட் தலையை ஆட்டினார். கேட்க வேண்டியது முடிந்ததுபோல் இருந்தது. பிறகுதான் முகம் மாறியது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"வந்து எங்க வீட்டு மேசையில உக்காந்து ரெண்டு தடவை வாங்கித் தின்னியே. கண்காட்சியைப் பத்தி நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு. மறுநாள் நான் இந்த முக்காலியில உக்காந்து, எனக்கு ஞாபகமே இல்லைடான்னு சொன்னப்ப எதிர்ல நின்னியே. பெயிண்டு போச்சு, போகட்டும். தகரம். அதுக்கு நான் ஒரு வாரம் உன்னைத் திட்டியிருப்பேன், அப்புறம் மறந்திருப்பேன். ஏன்டா பாத்துக்கிட்டே நின்னே?"

"பயம்."

"எதுக்கு?"

"இந்த வீட்டை விட்டா எனக்குப் போக எடம் இல்ல."

"இப்ப அதுவும் இல்ல" என்றார் டெல்பர்ட். "பெட்டியை எறக்கி வெச்சிட்டுப் போ. தனியா எறக்கு."

தனியாக இறக்குகிற பெட்டி இல்லை அது. ராய்ஸ் பலகையைச் சரித்து, முதுகைக் கொடுத்து, ஒவ்வொரு அடியாக நழுவவிட்டான். ஒரு தடவை சக்கரம் அவன் காலில் ஏறியது. யாரும் உதவிக்கு வரவில்லை, அவன் எதிர்பார்க்கவும் இல்லை. பெட்டியைப் பழைய இடத்தில், சுவரில் அதன் அச்சு பதிந்திருந்த இடத்தில் சேர்த்தான்.

மர்லீன் பிக்கப் அருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப அவருக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள். அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும், ஆமாம் என்று சொல்லிவிடத் துடித்தது ராய்ஸுக்கு. அப்படிச் சொல்வது எவ்வளவு சுலபம்.

"அது எனக்குத் தெரியாது மர்லீன். மருந்துக்கடைக்குப் போனப்ப நடந்தது நடந்ததுதான். இதை அவர் செய்யல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட நீயே போன் பண்ணிச் சொல்லணும். எங்க பொண்ணுகிட்டயும். அவர் சொன்னார்னா மறைக்கிறார்னு நெனப்பாங்க."

"சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை வராதே" என்றாள். கோபமில்லாமல், பால் வாங்கிவரச் சொல்வதுபோல். உள்ளே போனாள்.

ஷெட்டுக்குள் டெல்பர்ட் அலமாரியிலிருந்து, இதற்குள் வந்து சேர்ந்திருந்த புது ரப்பரின் அட்டைப் பெட்டியை இறக்கிக் கிழித்தார். சிவப்புப் பெட்டியின் மூன்றாவது அறையை இழுத்தார், பார்க்காமலே ஒரு ஸ்பேனரை எடுத்தார், அளவு சரியாக இருந்தது. ஜாக்கை என்ஜினுக்கடியில் தள்ளி, ஒரு கட்டையை இடையில் கொடுத்து, மெல்ல ஏற்றினார். ராய்ஸ் தன் வண்டிக் கதவில் கைவைத்தபடி நின்றான். ஜாக்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கேட்டால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

பழைய போல்ட் ஒன்று கழன்று விழுந்து சிமெண்டில் உருண்டது. டெல்பர்ட் குனிந்து வலப்பக்கம் தேடினார். முழங்காலில் நின்று, கையால் தரையைத் துழாவினார். அங்கே இல்லை. இன்னும் தள்ளித் துழாவினார். போல்ட் போன இடம் ராய்ஸ் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. சொன்னால் அவமானம் என்று அவர் நினைக்கலாம். சொல்லாமல் போனால் அது இன்னொரு மௌனம்.

"இடப்பக்கம். டயருக்கு உள்பக்கமா" என்றான்.

டெல்பர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் இடப்பக்கம் நீட்டி, டயருக்கு உள்ளே விட்டு, எடுத்தார். பேன்ட்டில் துடைத்தார்.

"இன்னும் போகலையா நீ?" என்றார்.

ராய்ஸ் வண்டியில் ஏறினான்.